கதவில் துண்டு இல்லை

பிப்ரவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒன்பது மாதமாக நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. ஆளுக்கு ஒரு வீம்பு, சரியாகப் போயிற்று. இப்போது நானே ஆரம்பிக்கிறேன்.

என் எழுத்தைப் பார்த்ததுமே கை நடுக்கம் நின்றுவிட்டது தெரிந்திருக்கும். ஜெயிலில் குடிக்கக் கிடைக்காது, அதனால்தான் என்று நினைக்காதே. இங்கே கேட்டால் எல்லாம் கிடைக்கும். கிடைத்தும் நான்கு மாதமாகத் தொடவில்லை.

சொன்னால் சிரிப்பாய். நான் ஜெபம் பண்ணுகிறேன். போன ஞாயிறு ஞானஸ்நானம் எடுத்தேன். இங்கே ஆறுமில்லை குளமுமில்லை. போர்வை ஊறப்போடும் சிமெண்டுத் தொட்டியில்தான் என்னை முக்கி எடுத்தார்கள். சலவைச் சோடா நாற்றம் இரண்டு நாள் உடம்பை விட்டுப் போகவில்லை. பதினெட்டு வருஷம் சலவை ஆலையில் ஊரார் துணியை வெளுக்க நீராவி கொடுத்தவனைக் கடைசியில் துணியோடு துணியாக வெளுத்துவிட்டார்கள் என்று நானே சிரித்துக்கொண்டேன்.

எல்லாம் பூட்டுக்காரரால் வந்தது. நம் பாய்லர் வெடித்ததில் மடிப்பு மேசையில் நின்றவள் வெந்து செத்தாளே, அவளுடைய புருஷன். தெருமுனையில் பூட்டு ரிப்பேர் பண்ணுகிறவர். பார்வை நாளில் ஆள் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். தங்கச்சி என்று ஓடினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார்.  காறித் துப்பப் போகிறார் என்று நினைத்தேன். துப்பினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். “உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பிடிக்கலப்பா. மன்னிக்கணும்னு மேலருந்து உத்தரவு. மாட்டேன்னு ஆறு மாசம் சண்டை போட்டேன். ஜெயிக்க முடியல. சரி, மன்னிச்சுட்டேன். நீ இனிமே அந்தப் பாரத்தச் சுமந்துட்டுத் திரியாத.”

அவ்வளவுதான். ரொட்டிப் பொட்டலத்தை வார்டரிடம் கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் அழுத அழுகையில், வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து வார்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். அவருக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துபோயிருக்கிறது. குழாய் மேட்டுக்குக் கீழே இருக்கிறது. முன்பெல்லாம் பெண்டாட்டிதான் தண்ணீர் தூக்குவாள். அவளைத்தான் நான் எடுத்துவிட்டேனே. எனக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போய் நாலு குடம் தூக்கிக் கொடு. என் கையால் செய்ய முடியாததை உன் கையால் செய்கிறேன் என்று வைத்துக்கொள்.

தங்கச்சியையும் உன் மகள் வாலுவையும் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்

பிப்ரவரி 28

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. நடுவில் பிரித்துப் படிக்கும் ஜெயில் குமாஸ்தா ஐயாவுக்கும் ஒரு வணக்கம். அவர் படித்து முடித்த பிறகுதானே எங்கள் முறை.

நீங்கள் சாமியாராகிவிட்டீர்கள். சந்தோஷம். மூன்று வேளை சாப்பாடு, படுக்கப் பாய், பாட ஒரு கூட்டம். வெளியே இருக்கிற எங்களுக்கு அந்த யோகம் இல்லை. ஆலையைப் பூட்டிவிட்டு முதலாளி வேறு ஊரில் கடை போட்டுவிட்டார். பாய்லர் வால்வில் இஸ்திரிப்பெட்டியைத் தொங்கவிட்ட விஷயமே தனக்குத் தெரியாது என்று கோர்ட்டில் சொன்ன அதே வாயால் அங்கே திறப்பு விழாவில் பேசியிருப்பார். உங்கள் தங்கச்சி கோழிக்கடையில் இறகு பிடுங்குகிறாள். வெந்நீரிலேயே கிடந்து விரலெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. நான் கிடங்கில் சிமெண்டு மூட்டை தூக்குகிறேன். துப்பினால் சாம்பல் நிறத்தில் வருகிறது.

பழைய வீட்டைக் காலி பண்ணியாகிவிட்டது. இப்போது ஒரே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில். பகல் முழுக்கச் சுவர் நடுங்கும். வாலு தன் புத்தகத்தைச் சாய்த்து வைத்தால் அது தானாக நகர்ந்து போகும். ‘புத்தகத்துக்குக் காலு முளைச்சிடுச்சுப்பா’ என்று சிரிப்பாள். அவளுக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை. கண்ணாடிக்கு வழி இல்லாததால், வாத்தியார் அவளைக் கரும்பலகைக்கு அடியில் தரையில் உட்காரவைத்திருக்கிறார். உங்கள் இயேசு ஏழைகளோடு இருப்பார் என்கிறார்களே, மாவு மில் சத்தத்தில் அவர் கதவைத் தட்டியது எங்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

அந்த மனிதர் வீட்டுக்கு நான் போகமாட்டேன். யார் யாருக்கோ தண்ணீர் தூக்கவா நான் பிறந்தேன்? உங்கள் புண்ணியத்தை நீங்களே வெளியே வந்து தேடிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நடந்ததை இனிமேல் எழுதவும் வேண்டாம். உங்கள் தங்கச்சி கடிதத்தைப் படித்துவிட்டு அழுதுகொண்டே இருக்கிறாள். எனக்கும் வேலைக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு

மார்ச் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கோபம் எனக்குப் பழக்கம்தான். பெண் பார்க்க வந்த அன்றே டீயில் சர்க்கரை இல்லை என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ. திட்டு, பரவாயில்லை. ஆனால் எழுதாதே என்று சொல்லாதே. எழுதினால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

கோர்ட்டில் நான் முழுசாகப் பேசவில்லை. வக்கீல் தலையை ஆட்டச் சொன்னார், ஆட்டினேன். இப்போது உனக்காவது ஒழுங்காகச் சொல்கிறேன்.

அழுத்தம் ஏறினால் பாய்லர் மேலே இருக்கும் வால்வு தானாகத் திறந்து ஊளையிடும். நீராவி வீணாகும், இஸ்திரி உருளைகள் ஆறிப்போகும், சூப்பர்வைசர் வந்து நம் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவான். அதன் வாயை அடைக்க நாம் கண்டுபிடித்த வித்தைதான் அந்த ஓட்டை இஸ்திரிப்பெட்டி. வால்வின் கையில் அதைத் தொங்கவிட்டால் சத்தம் அடங்கிவிடும். அது எமனைக் கட்டித் தொங்கவிடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தானே நமக்குள் சட்டம் வைத்தோம். பெட்டி மேலே தொங்கும்வரை, தொங்கவிட்டவன் துண்டு கதவுப் பிடியில் தொங்க வேண்டும். ஷிப்டு முடிந்தால் பெட்டியை இறக்கிவிட்டுத்தான் துண்டை எடுக்க வேண்டும்.

அன்று மதியம் உன்னிடமிருந்து ஷிப்டு மாற்ற வந்தேன். நல்ல மழை. நீ போய்விட்டிருந்தாய். கதவில் துண்டு இல்லை. கழற்றிவிட்டுத்தான் போனேன் என்று நீயும் போலீசில் சொன்னாய். அப்படியானால் அதற்குப் பிறகு பெட்டியை மாட்டியது நான்தான். எனக்கு ஞாபகமே இல்லை, மாப்பிள்ளை. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்தவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அரை மணி நேரம் கழித்து அது வெடித்தபோது வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அதனால் நான் பிழைத்தேன். சுவர் மடிப்பு மேசையில் நின்ற அவள் பக்கம் விழுந்தது.

முதல் ஐந்து மாதம் கண்ணை மூடினால் என் கை ஏணியில் ஏறி அந்தப் பெட்டியை மாட்டுவது தெரியும். நடந்ததா, நானே கட்டியதா தெரியாது. ஒருநாள் போர்வையைக் கிழித்துக் கயிறாகத் திரித்தேன். ஜன்னல் கம்பி துருப்பிடித்து கையோடு வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம்தான் பூட்டுக்காரர் வந்தார். நான் எதற்கு இதையெல்லாம் நம்புகிறேன் என்று இனிக் கேட்காதே.

இங்கே உடம்பெல்லாம் புண்ணாக ஒருத்தன் இருக்கிறான். சொறியன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவன் தட்டைக்கூட யாரும் தொடமாட்டார்கள். நான் தினமும் அவன் முதுகைக் கழுவி மருந்து போடுகிறேன். முன்பு கேன்டீனில் ஈ விழுந்ததற்கு மேசையைப் புரட்டியவன் நான். நீயே பார்த்திருக்கிறாய். என்னை இப்படி ஆக்கியது யார் என்று நினைக்கிறாய்?

போய்ப் பார், மாப்பிள்ளை. நாலு குடம்தான்.

உன் மச்சான்

ஏப்ரல் 16

மச்சானுக்கு,

போனேன். என் இஷ்டத்துக்குப் போகவில்லை. உங்கள் தங்கச்சி வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆறு நாள் கோழிக்கடை, ஏழாம் நாள் மேடு ஏறித் தண்ணீரா என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டு நானே போனேன். மூன்று ஞாயிறு ஆகிவிட்டது.

அவர் அறையில் எல்லாவற்றுக்கும் பூட்டு. பெட்டிக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு, உள்ளே ஒன்றும் இல்லை. “வெறும் பூட்டுதான், திறந்தா ஏமாந்துருவீங்க” என்று அவரே சிரிக்கிறார். பெண்டாட்டியின் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. நான் தண்ணீர் ஊற்றும்போது அதில் தெளித்துவிட்டது. ஓடிவந்து தன் சட்டையால் துடைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

முதல் வாரமே நான் யார் என்று சொல்லிவிட்டேன். ஜெயிலில் இருப்பவரின் தங்கச்சி புருஷன், நானும் அதே பாய்லரில் காலை ஷிப்டு என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்போ உங்களுக்கும் எவ்ளோ கஷ்டம். வேலையும் போயி, மச்சானும் உள்ள போயி” என்றார். எனக்காக அவர் வருத்தப்பட்டார், மச்சான். எனக்காக!

போன வாரம் ரொட்டியைப் பிட்டு எனக்குப் பாதி வைத்தார். சாப்பிடுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு உங்களைப் பற்றிப் பேசினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சிபாரிசு கேட்பது போல அவ்வளவு சாதாரணமாக. “அந்த மனுஷனுக்கு நல்ல தூக்கத்தக் குடும், ஏதோ மறதியில செஞ்சுட்டான்” என்றார். நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன். சிமெண்டுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இனி நான் போகமாட்டேன். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியமாகப் போகும், இனி ஜெபம் பண்ண வேண்டாம் என்று அவருக்கு எழுதுங்கள். நீங்களும் எனக்கு இவ்வளவு அன்பாக எழுத வேண்டாம்.

ஏப்ரல் 19

மச்சான்,

உங்கள் பதில் வரும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. குமாஸ்தா ஐயா, நீங்களும் கவனமாகப் படியுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பெட்டியை மாட்டியது நான்.

அன்று பதினோரு மணியிலிருந்தே வால்வு ஊளையிட்டது. சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து கத்தினான். மாட்டினேன். சட்டப்படி என் துண்டைக் கதவில் கட்டினேன். இரண்டு மணிக்குக் கிளம்பும்போது மழை கொட்டியது. வாலுவுக்குக் காய்ச்சல், மத்தியானத்துக்கு மருந்துக்கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று ஓட்டம். தலையில் போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. கதவிலிருந்த துண்டை உருவித் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அவ்வளவுதான். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. பெட்டி என் நினைவிலேயே இல்லை. பாலம் தாண்டியபோது நினைவு வந்தது. நீங்கள் வந்திருப்பீர்கள், ஏறிப் பார்த்திருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

வெடித்த சத்தம் மருந்துக்கடையில் கேட்டது. எனக்கு அப்போதே தெரியும்.

போலீஸ் கேட்டபோது, கழற்றிவிட்டேன் என்று வாய் முந்திக்கொண்டது. நீங்கள் மறுப்பீர்கள், அப்போது ஒத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் மறுக்கவில்லை. ‘நான்தான் மாட்டியிருப்பேன்’ என்று குடித்த வாயோடு நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்றிருந்தேன். பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பேன், பிள்ளை முகத்தைப் பார்ப்பேன், நாளைக்கு என்று விட்டுவிடுவேன். இப்படியே ஒரு வருஷம்.

நீங்கள் என்னைத் திட்டியிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால் கடைசிவரை வாயே திறந்திருக்கமாட்டேன். நீங்கள் திருந்திவிட்டீர்கள். அதுதான் என்னைக் கொல்கிறது. என் பாவத்துக்கு நீங்கள் அழுகிறீர்கள், உங்களுக்காக அவர் ஜெபம் பண்ணுகிறார், நடுவில் நான் தண்ணீர் தூக்குகிறேன்.

உங்கள் தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. என்ன செய்யச் சொல்கிறீர்களோ செய்கிறேன்.

ஜூலை 2

உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதனால் அப்படியே ஆரம்பிக்கிறேன்.

உன் கடிதத்தில் ‘பார்வையிடப்பட்டது’ என்று முத்திரை இருக்கிறது. குமாஸ்தா ஒரு எழுத்தும் படிக்கவில்லை. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “மனு எழுதிப் போடு, இப்ப சாப்பாட்டு நேரம்” என்றார்.

அன்று மத்தியானமே ஒருவன் மூக்கை உடைத்தேன். வரிசையில் முந்தினான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். தனிக்கொட்டடியில் போட்டார்கள். நிற்கலாம், உட்காரலாம், காலை நீட்ட முடியாது. அதனால்தான் இத்தனை நாள் பதில் இல்லை. நான் உன்னைப் பற்றி நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

பாவி, நான் போர்வையைக் கயிறாகத் திரித்தேன் என்று எழுதினேனே, அதைப் படித்த பிறகும் மூன்று வாரம் உனக்குச் சோறு இறங்கியதா? உனக்கு வேலை வாங்கித் தந்தது நான். கூடப் பிறந்தவளைக் கொடுத்தது நான். நல்லா இருடா நீ.

ஜெபக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எதற்குப் போக வேண்டும்? செய்யாத பாவத்துக்கு அழுது, செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கி, நாற்றத் தண்ணீரில் முங்கி எழுந்த கூமுட்டை நான். உலகத்தில் எவனுக்காவது இப்படி நடந்திருக்குமா? தப்பான விலாசத்துக்கு வந்த பார்சலைப் பிரித்துத் தின்றவன் மாதிரி இருக்கிறது எனக்கு. சொறியன் பக்கமும் போகவில்லை. அவனே ஒருநாள் தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு வந்து, “அண்ணே, என் மேல என்ன கோவம்? முதுகு எரியுது” என்றான். அவனை என்ன சொல்ல? மருந்தை எடுத்துப் போட்டேன். அவன் முதுகுக்கும் உனக்கும் சம்பந்தமில்லையே.

போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. துண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஷிப்டு மாற்றியவன் ஏணியில் ஏறி வால்வைப் பார்க்க வேண்டும். அது என் வேலை. போதையில் ஏணி ஆடியது, இறங்கிவிட்டேன். அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே நான் வாங்கிய மன்னிப்பில் கொஞ்சம் என்னுடையதும் இருக்கிறது. எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்பு வாங்குவது எவ்வளவு சுலபம் என்று இப்போதுதான் தெரிகிறது. அழுதால் போதும். கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. நான் உன்னை மன்னிக்கவில்லை. இதை மாற்றி எழுதினால் பொய்.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். நீ போய்ச் சொன்னால் என் தங்கச்சியும் குழந்தையும் நடுத்தெருவுக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் நான் இன்னும் ஐந்து வருஷம் இங்கே கிடப்பேன். எதைச் செய் என்று நான் சொன்னாலும் அது உன் மேல் இருக்கும் ஆத்திரமா, உன் பிள்ளை மேல் இருக்கும் பாசமா என்று எனக்கே தெரியாது. நான் சொல்லமாட்டேன். பூட்டுக்காரர் மட்டும் ஆள் மாறிப்போய் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். அது எனக்குச் சகிக்கவில்லை.

ஆகஸ்ட் 9

மச்சான்,

இதை வேறொரு ஜெயிலிலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் குமாஸ்தா படிப்பதில்லை.

முதலில் உங்கள் தங்கச்சியிடம் சொன்னேன். கோழிக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முழுசாகக் கேட்டாள். “எங்கண்ணன் உள்ள கெடக்க, நீ என் கையால வாங்கித் தின்னுட்டு இருந்தியா?” என்றாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க என்னோடு வேறு பேச்சு இல்லை. நான் வீட்டை விட்டுப் போகும்போதும் இல்லை.

பிறகு பூட்டுக்காரர். தண்ணீரை ஊற்றிவிட்டு வாசலில் நின்றே சொன்னேன். கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். அவர் முகம் என்ன ஆயிற்று என்று என்னால் எழுத முடியாது. “போயிரு” என்றார். “போயிருப்பா, நான் கையில ஏதாச்சும் எடுக்கறதுக்குள்ள.” கதவைச் சாத்தி உள்ளேயிருந்து பூட்டினார். அந்த அறையில் அவர் உள்ளே பூட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

நாலு நாள் கழித்து கிடங்குக்கு வந்தார். இடுப்பு வலியோடு அவ்வளவு தூரம் நடந்து. மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். “இறக்கி வை, ஸ்டேஷனுக்குப் போலாம்” என்றார். நானே போகிறேன் என்றேன். “தனியாப் போனா பாதி வழியில திரும்பிருவ. உன்ன எனக்குத் தெரியாது, ஆனா மனுஷனத் தெரியும்” என்றார். மூட்டையை இறக்கிவிட்டுப் போனேன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முடிந்த கேசைக் கிளறாதே என்று விரட்டினார். மூன்று நாள் வெளி பெஞ்சில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள், எங்கள் தொல்லை பொறுக்காமல்தான் எழுதிக்கொண்டார். ஜெபம் பண்ணட்டுமா என்று பூட்டுக்காரர் கேட்டார். வேண்டாம், எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்றேன். “அது யாருக்கு இருக்கு?” என்றார்.  என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழுந்து போகாமல் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். மச்சான், என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு செய்ததில்லை.

இங்கே படுத்ததும் தூங்கிவிடுகிறேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, உங்களை ஜெயிலிலும் அவளைத் தெருவிலும் விட்டுவிட்டுத் தூங்குகிறேன் என்று. ஆனால் பொய் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். உங்கள் இயேசுவிடம் பேச ஆரம்பித்திருக்கிறேன். அவர் பதில் சொல்கிறாரா என்று தெரியவில்லை. என்னிடமிருந்து பொய் வராமல் இருப்பதே எனக்குப் புதுசாக இருக்கிறது.

வாலு என்னைக் கேட்கிறாளா? அவளுக்கு என்ன சொன்னார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள்.

ஜனவரி 17

மாப்பிள்ளைக்கு,

நான் வெளியே வந்து மூன்று வாரம் ஆகிறது. போதையில் வேலைக்கு வந்ததும், ஏறிப் பார்க்காததும் குற்றம்தானாம். உள்ளே இருந்த காலம் அதற்குப் போதும் என்று விட்டுவிட்டார்கள். உனக்கு நாலு வருஷம் என்று கேள்விப்பட்டேன்.

உன் அறையில்தான் இருக்கிறேன். சுவர் நடுங்குகிறது. கிடங்கில் உன் மூட்டைகளை இப்போது நான் தூக்குகிறேன். துப்பினால் எனக்கும் சாம்பல் நிறத்தில்தான் வருகிறது.

கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாலு வீட்டில் இல்லை. நீ போன பிறகு மூன்று மாதம் தங்கச்சி தனியாக இழுத்துப் பார்த்தாள். விரலில் சீழ் பிடித்துக் கடையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் பிள்ளைக்கு எதுவும் கொடுக்க முடியாமல் போனதும், சபைக்காரர்கள் நடத்தும் விடுதியில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். நான் வந்ததும் கூட்டிவரப் போனேன். பேன் தொல்லை என்று மொட்டையடித்திருந்தார்கள். என்னை அடையாளம் தெரியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். படிப்பு வருஷம் முடியட்டும், பழகட்டும் என்று விடுதி அக்கா சொன்னார். அங்கே கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய கண்ணாடி, காதில் நூல் கட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து உன்னை நினைத்து என் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “போதும்ணே, அந்தாளு சொல்லலன்னா நீ இங்க உக்காந்து திட்டிட்டு இருக்க முடியாது” என்றாள். உன் பக்கம் அவள் பேசியது அது ஒன்றுதான். உன்னைப் பார்க்க அவள் வரமாட்டாள். இப்போதைக்குக் கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரரோடு கூட்டத்துக்குப் போகிறேன். போன வாரம் உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணச் சொன்னார். எழுந்து நின்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே அசிங்கமான கெட்ட வார்த்தை வந்துவிட்டது, அத்தனை பேர் நடுவில். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள், காதைத் திறந்து வைத்திருந்தார்கள். பூட்டுக்காரர் என் சட்டையைப் பிடித்து உட்காரவைப்பார் என்று பார்த்தேன். “அதையும் அவர்கிட்டயே சொல்லு, மேல போ” என்றார். போனேன். முடித்தேன். அதற்குப் பெயர் மன்னிப்பு என்று நான் சொல்லவில்லை.

நேற்று மறுபடி விடுதிக்குப் போனேன். இந்தத் தடவை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என் கை நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். “மாமா, அப்பா ஏன் உள்ள இருக்காரு?”

ஒரு பொம்பளையைக் கொன்றுவிட்டுப் பழியை என் மேல் போட்டான் என்று சொல்லலாம். அதிலும் பொய் இல்லை. எட்டொன்பது மாதமாக அந்த வார்த்தைகள் என் நாக்கில் தயாராகத்தான் இருந்தன. ஆனால் வாயைத் திறந்தபோது, “உண்மையச் சொன்னதுக்காகம்மா” என்று வந்தது.

அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். “பொய் சொல்லியிருந்தா வீட்ல இருந்திருப்பாரா?”

“இருந்திருப்பாரு.”

“நானும் வீட்ல இருந்திருப்பேனா?”

“இருந்திருப்படா கண்ணு.”

 “அப்போ அப்பா பொய்யே சொல்லியிருக்கலாம்” என்றாள்.

  அதற்குப் பதிலை, மாப்பிள்ளை, நீதான் வந்து அவளுக்குச் சொல்ல வேண்டும். அதுவரை செத்துக்கித்துத் தொலைக்காதே. வருகிற வியாழன் பார்வை நாள், நான் வருகிறேன்.

மச்சான்